செம்மநத்தத்துச் சோற்று வரிசையில் என் இங்கிலீஷ்

ஏற்காட்டுக்கு நான் போய் வந்ததற்குக் கணக்கில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவோடு போயிருக்கிறேன், கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரோடு போயிருக்கிறேன், கோடை விழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பஸ் கிடைக்காமல் சாலையோரம் உட்கார்ந்தும் இருந்திருக்கிறேன். ஆனாலும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் யாராவது ‘ஏற்காடு போகிறோம், யோசனை சொல்லுங்கள்’ என்று எழுதினால், எனக்கு முதலில் நினைவு வருவது 1988 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை போய்விட்டு அன்றே திரும்பிய பயணம்தான். அன்றைக்கு நான் படகில் ஏறவில்லை, லேடீஸ் சீட் மலைமுனையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவும் இல்லை. என் வாயில் வருகிற இங்கிலீஷைப் பரீட்சைக்குக் கொண்டுபோனேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஒரு தொண்டு நிறுவனம் கிராமத்துப் பள்ளிகளுக்கு இங்கிலீஷ் பாடக் கேசட் போட்டுத் தருவதாகத் திட்டம் வைத்திருந்தது. லண்டனில் ஓர் இங்கிலீஷ்கார அம்மாளை வைத்துப் பாடங்களைப் பதிவு செய்தார்கள். அதே பாடங்களைச் சென்னையில் என்னை வைத்தும் பதிவு செய்தார்கள். சுவரெல்லாம் கம்பளி தொங்கிய ஓர் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூன்று நாள் வேர்த்து ஒழுகப் பேசினேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் பிரதி போடப் பணம் இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். முதலிலேயே சொல்லியிருந்தாலும் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

எந்தக் கேசட் என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி, அதன் தலைவர் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் புரொபசர். சொந்த ஊர் நாமக்கல் பக்கம் என்றாலும், அவர் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தேம்ஸ் நதி கண்ணில் தெரியும். அவருக்கு லண்டன் கேசட்தான் வேண்டும். ஆலோசகராக வந்திருந்த மிஸ்டர் ஹாலம் என்ற இங்கிலீஷ்காரரோ, “நாம் ஏன் சண்டை போட வேண்டும்? இங்கிலீஷ் அதிகம் காதில் விழாத ஒரு ஊரில் குழந்தைகளிடமே போட்டுக் காட்டுவோம். எந்தக் குரல் புரிகிறதோ அது” என்று சொல்லிவிட்டார். அவர் அப்போது ஏற்காட்டில் தங்கியிருந்ததால் பக்கத்துச் செம்மநத்தத்தில் ஒரு பள்ளியைப் பேசி வைத்தார்கள். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது. விருப்பமா! தூக்கமே வரவில்லை. ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சேலத்தில் காலை ஆறரை மணி பஸ். ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய் இருபத்தைந்து பைசா. அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும், மொத்தம் இருபது. ஏழாவது வளைவில் எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு புது மாப்பிள்ளை எலுமிச்சம் பழத்தை மோந்து பார்க்க ஆரம்பித்தார். பதினோராவது வளைவில் பழம் தோற்றது. மலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வாங்குவது காட்சிக்காக மட்டும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

மலை ஏறும் நேரத்தில் வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ‘வாட்டர்’ என்ற சொல்லை அந்த லண்டன் அம்மாள் சொன்னால் கடைசி ‘ர்’ காற்றில் கரைந்து ‘வோட்ட’ என்று நிற்கும். நாம் எழுதிய எழுத்துக்கு மரியாதை கொடுத்து ‘ர்’ரை நன்றாக உருட்டுவோம். ‘ட’ சொல்லும்போது அவர்கள் நாக்கு பல்லுக்கு மேலே லேசாகத் தொட்டுவிட்டு வந்துவிடும், நம் நாக்கு மடிந்து மேலண்ணத்தில் போய் உட்காரும். ‘ப’ ஒரு சொல்லின் முதலில் வந்தால் அவர்கள் கூடவே ஒரு மூச்சு ஊதுவார்கள். டிரெயினிங் காலேஜில் எங்கள் வாய்க்கு எதிரே மெழுகுவத்தி ஏற்றி வைத்து ‘பேப்பர்’ சொல்லச் சொன்னார்கள். சுடர் ஆடினால் பாஸ். என் சுடர் கோயில் கர்ப்பக்கிரகத்தில் எரிவது மாதிரி அசையாமல் நின்றது. அப்புறம் வேண்டுமென்றே ஊதி அணைத்துவிட்டு பாஸ் வாங்கினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீளமான சொல் வந்தால் அவர்கள் ஓர் இடத்தில் அழுத்திவிட்டு மீதியை விழுங்கிவிடுவார்கள். ‘கம்ஃபர்டபிள்’ அவர்கள் வாயில் பாதி காணாமல் போய்விடும். நாமோ பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் பரிமாறுகிற மாதிரி ஒவ்வோர் அசைக்கும் சமமாகப் போட்டு அனுப்புவோம். இதை ஒரு குறை என்று எனக்குக் கற்பித்தார்கள், நானும் குறை என்றே பல வருஷம் நம்பினேன். வகுப்பில் பாடம் நடத்திப் பழகியபிறகுதான் எனக்கு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

ஏழே முக்காலுக்கு ஏற்காடு. பிப்ரவரியில் அந்த நேரத்துக்குப் பல் தந்தியடிக்கும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓட்டலில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எல்லாம் சேர்ந்து மூன்று ரூபாய் பத்துப் பைசா. காபித் தோட்ட ஊரில் காபி நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நல்ல கொட்டையெல்லாம் மூட்டையேறிக் கீழே போய்விடுகிறது.

எட்டரைக்கு ஜீப் வந்தது. வாடகை நாள் முழுக்க நூற்று இருபது ரூபாய், கமிட்டி கொடுத்தது. ஹாலம் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் பழுத்த மூக்கு, மடியில் பெரிய டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர். பின்னால் புரொபசரும் நானும். கோட்டுப் பையில் இரண்டு கேசட்டையும் வைத்துக்கொண்டு அவர், “சரோஜா, மனசைத் திடமா வச்சுக்கங்க. இது உங்க மேல இருக்கற குறையில்ல. குழந்தைங்க கத்துக்கறப்ப அசலையே கத்துக்கணும்” என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

செம்மநத்தம் போகிற சாலை ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி வேலியில் ஏறி நிற்க வேண்டிய அகலம். ஜீப்பின் மீட்டர்படி பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. களத்தில் காபிப் பழம் உலர்கிற வாசனை, லேசாகப் புளித்த வெல்லம் மாதிரி, வழி முழுக்கக் கூடவே வந்தது. வழியில் ஹாலம் இறங்கி ஒரு தோட்டத்துக்காரரிடம் இரண்டு டஜன் ஆரஞ்சு வாங்கினார். அந்த இடைவெளியில் டிரைவர் குமரேசன் பின்னால் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “ஏனுங்க டீச்சர், தொரை நொம்ப நல்ல மனுசருங்க. ஆனா அவரு பேசறது எனக்கு ஒண்ணுமே வெளங்கறதில்லீங்க. நாலு நாளா தலைய ஆட்டியே வண்டி ஓட்டறனுங்க.”

“நான் அவருகிட்டப் பேசறது புரியுதுங்களா?” என்று கேட்டேன்.

“நீங்க பேசறது இங்கிலீசுங்களா? நான் தமிழுன்னு நெனச்சனுங்க” என்றார். புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

பள்ளி ஓடு போட்ட ஒரே நீளமான கட்டடம். பக்கத்தில் சத்துணவுக் கூடம், அதில் அடுப்புப் புகை. நான்காவது, ஐந்தாவது படிக்கிற இருபத்து நான்கு குழந்தைகள். மலையில் பரம்பரையாகத் தினையும் சாமையும் பழமும் பயிர் செய்கிற வீடுகளின் பிள்ளைகள். வாத்தியார் வாழப்பாடிக்காரர், சுறுசுறுப்பான மனிதர். கேசட்டில் வருகிற சொற்களை ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் குழந்தைகள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு ‘குட் மார்னிங்’ என்றதில் ஓட்டில் இருந்த புறா இரண்டு பறந்தன.

வாத்தியார் காலைப் பாடங்களை முடிக்கும்வரை காத்திருந்து, கேசட்டில் மூன்றாம் பாடத்தை எடுத்துக்கொண்டோம். ‘சாப்பாட்டு நேரம்’ என்று பெயர். பத்தே வாக்கியம். தட்டை எடு, வலது கையைக் கழுவு, டம்ளரில் தண்ணீர் பிடி, சுவரோரமாக உட்கார், இப்படி ஒன்பது கட்டளை, ஒரு கேள்வி. மேஜைமேல் தட்டு, டம்ளர், தண்ணீர்க் குடம், ஆரஞ்சு எல்லாம் அடுக்கி வைத்தார்கள். குரல் சொல்வதைக் குழந்தைகள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். புரொபசர் காகிதத்தில் கட்டம் போட்டுத் தயாராக நின்றார்.

முதலில் லண்டன் கேசட். “டேக் யுவர் பிளேட்” என்றது அந்த அம்மாளின் குரல், வெண்ணெய் தடவினாற்போல.

“டேக் யுவர் பிளேட்!” என்றார்கள் இருபத்து நான்கு பேரும். யாரும் அசையவில்லை.

“சிட் நியர் த வால்” என்றது குரல். “சிட் நியர் த வால்!” என்றார்கள் நின்றபடியே. அந்த இழுப்பு, அந்த இறக்கம், ‘ப’வோடு ஊதுகிற மூச்சு, ஒன்றையும் விடவில்லை. நான் டிரெயினிங் காலேஜில் இரண்டு வருஷம் முட்டியும் வராதது இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. புரொபசர் மெய்மறந்து, “கேட்டீங்களா! கேட்டீங்களா!” என்றார். ஹாலம் மட்டும் மேஜையைக் காட்டினார். ஒரு தட்டுகூட நகரவில்லை.

வாத்தியார் முன்னால் வந்து, “திருப்பிச் சொல்லக் கூடாது சாமி, சொல்றதச் செய்யணும்” என்று தமிழில் விளக்கினார். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். கேசட் மறுபடி ஓடியது, மறுபடி கோரஸ். ஹாலம் கையைத் தூக்கி, சிரித்துக்கொண்டே, “டோன்ட் ரிப்பீட்” என்றார். இருபத்து நான்கு பேரும் சந்தோஷமாக “டோன்ட் ரிப்பீட்!” என்றார்கள்.

குழந்தைகளைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பள்ளிகளில் இங்கிலீஷ் என்றால் டீச்சர் ஒருமுறை சொல்ல, வகுப்பு ஒருமுறை சொல்ல வேண்டும். வகுப்பறைச் சுவருக்குள் இங்கிலீஷ் காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். நானே பத்து வருஷமாக அப்படித்தான் நடத்தினேன்.

அடுத்து என் கேசட். என் குரலுக்காவது கையும் காலும் அசையும் என்று நம்பி நின்றேன். அதையும் திருப்பித்தான் சொன்னார்கள். இரண்டாவது வாக்கியத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நான் லேசாகத் தொண்டையைக் கனைத்திருந்தேன். ஸ்டூடியோவில் அதை வெட்ட மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் அந்தக் கனைப்பையும் ஒரே குரலில் கனைத்தார்கள். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

புரொபசர் பேனாவை மூடினார். கோபமாகச் சொல்லவில்லை, இதமாகவே சொன்னார்: “பாருங்க, ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. அப்ப அசல் இருக்கறப்ப நகல் எதுக்கு?”

நகல். அந்த ஒரு சொல்லை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது. நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன். மணி பன்னிரண்டரை. அழுகை வந்தால் யாரும் பார்க்கக் கூடாது என்று சத்துணவுக் கூடத்துப் பக்கம் நகர்ந்தேன்.

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்து, சின்ன வகுப்புப் பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்துவிட்டன. சமையல்காரம்மா மாராயி கரண்டியோடு வாசலில் நின்றுகொண்டு, “லைன்ல வாங்க சாமி! பிளேட்டுக் கழுவாத ஆளு அக்கட்டால போ. கண்ணு, டம்ளர எங்க உட்ட?” என்று அதட்டிக்கொண்டிருந்தார். லைன், பிளேட்டு, டம்ளர். பேச்சில் பாதி இங்கிலீஷ்தான். ஒரு பிள்ளைகூட அதைத் திருப்பிச் சொல்லவில்லை. லைனில் நின்றன, பிளேட்டைக் கழுவின, டம்ளரைத் தேடி ஓடின.

எனக்குப் புரிந்துவிட்டது. அழுகையை மறந்து உள்ளே ஓடி, ஹாலம் மடியிலிருந்து டூ-இன்-ஒன்னை வாங்கிக்கொண்டு மாராயியிடம் வந்தேன். சோற்று வரிசையில் கேசட்டைப் போடலாமா, அது சொல்கிறபடி பிள்ளைகள் தட்டெடுத்துத் தண்ணீர் பிடிக்கட்டும் என்று கேட்டேன்.

மாராயிக்குப் பிடிக்கவில்லை. “ஏனுங்க டீச்சர், சோத்துல வெளாட்டு வேண்டாமுங்க. காலையில கூழு குடிக்காம வர்றதும் இருக்குதுங்க.”

“யாரையும் காக்க வைக்க மாட்டனுங்க. தப்பாச் செஞ்சாலும் சோறு சோறுதான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எது தப்பாப் பண்ணினாலும் நான் முழுக் கரண்டி போட்டுருவனுங்க. அந்தத் தொரை வேண்டாம்னு சொன்னாலும் போடுவனுங்க. சரீன்னா வெய்யுங்க.” சரி என்றேன். அரிசி மூட்டைமேல் டூ-இன்-ஒன் ஏறியது.

ஹாலமுக்கு விஷயம் உடனே பிடிபட்டது. ஒரு பாதிப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்து மறுபாதி காப்பியடிக்கக் கூடாது என்று, பன்னிரண்டு பேரை வகுப்பிலேயே வாத்தியாரோடு இருக்கச் சொன்னார். புரொபசரும் மறுக்கவில்லை, மறுபடி கட்டம் போட்டார். அவர் நியாயமான மனிதர், அதையும் சொல்ல வேண்டும்.

முதல் பன்னிரண்டு பேருக்கு லண்டன் கேசட். “டேக் யுவர் பிளேட்.” எடுத்தார்கள். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை! எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அடுத்த வாக்கியத்தில் வரிசை தடுமாறியது. தண்ணீர் பிடிக்கச் சொன்னபோது குடம் பக்கத்திலேயே இருந்தும் யாரும் போகவில்லை. எல்லோரும் மாராயி முகத்தைப் பார்த்தார்கள். மாராயி அரிசி மூட்டையைப் பார்த்தார். பத்தில் மூன்றுதான் நடந்தது. மாராயி சொன்னபடியே எல்லோருக்கும் முழுக் கரண்டி விழுந்தது.

பிறகு அடுத்த பன்னிரண்டு பேர். என் கேசட். “வாஷ் யுவர் ரைட் ஹேண்ட்” என்றேன் நான் அரிசி மூட்டைமேலிருந்து. பன்னிரண்டு வலது கைகள் தொட்டியில் நனைந்தன. “ஃபில் யுவர் டம்ளர் வித் வாட்டர்.” என் ‘வாட்டர்’ முழு ‘ர்’ரோடு, மடித்த நாக்கோடு வந்தது. குடத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சுவரோரம் உட்கார்ந்தார்கள். டம்ளரை இடது பக்கம் வைத்தார்கள். தப்பான பக்கம் வைத்த ஒரு சிறுமியைப் பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்துத் திருத்தினாள். தொண்டைக் கனைப்பு வந்தது, ஒருவரும் கனைக்கவில்லை. ஆரஞ்சில் பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடு என்றதும், உரித்துக் கொடுக்கிற வாசனை கூடம் முழுக்கப் பரவியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறுமாப்பு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், அந்த நிமிஷம் நான் சேலம் ஜில்லாவுக்கே ராணி.

பத்தில் ஒன்பது. பத்தாவது எங்கே போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நான் டீச்சரே இல்லை. ‘இன்னும் சோறு வேண்டுமா’ என்று ஒரு கேள்வி. அந்த லண்டன் அம்மாள் குரலைக் கடைசியில் மேலே தூக்கியிருந்தார். சொல் புரியாவிட்டாலும் ஏதோ கேட்கிறார்கள் என்று தெரிந்து பிள்ளைகள் தலையாட்டிப் பதில் சொல்லியிருந்தார்கள். நானோ வருகைப் பதிவேடு படிக்கிற மாதிரி தட்டையாகச் சொல்லியிருக்கிறேன். அதையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, வயிறு நிறைந்தவர்கள்கூட முகத்தைச் சுளித்தபடி தட்டை நீட்டினார்கள். ஹாலம் அதை என்னிடம் சொன்னபோது ஒப்புக்கொண்டேன். அது உச்சரிப்பில்லை, என் கவனக்குறைவு.

எங்களுக்கும் தட்டு வந்தது. புரொபசர் சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீரோடு, “நொம்பக் காரமுங்க” என்றார் மாராயியிடம். தேம்ஸ் நதி அந்த ஒரு வாயில் காவிரியோடு கலந்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்றரைக்கு ஏற்காடு திரும்பினோம். ஏரிக்கரையில் ஒரு கடையில் டீ, ஒன்று எழுபத்தைந்து பைசா. அங்கேதான் புரொபசர் பேச்சை எடுத்தார். “உங்க குரலே போகட்டும், நான் ஒத்துக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை. மறுபடி ரெக்கார்ட் பண்ணணும். அந்த ‘ர்’ரைக் கொஞ்சம் மழுக்குங்க. ‘ட’வுக்கு நாக்கை மடிக்காதீங்க. சேலம் வாடை தெரியக் கூடாது. இல்லாட்டி கமிட்டியில என்னால பேச முடியாது.”

சரி என்றால் கேசட் என்னுடையது. அந்த வருஷம் முழுக்க நான் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஏரியில் ஒரு குடும்பம் படகில் போய்க்கொண்டிருந்தது, துடுப்புப் போடத் தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“சார், அந்த வாடை இருந்ததாலதான் அந்தப் பிள்ளைங்க தண்ணி புடிச்சுச்சுங்க. கேள்விய நான் தட்டையாப் படிச்சது தப்பு, அதை நூறு தடவை வேணும்னாலும் திருத்தறேன். ஆனா என் ஊரைத் திருத்த மாட்டேன். அதுக்கு லண்டன் கேசட்டே இருக்கட்டும்” என்றேன்.

பிறகு ஹாலம் டீயைக் கீழே வைத்துவிட்டு, தாம் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்துக்காரர் என்றார். அவர் ஊரில் பஸ்ஸைப் ‘புஸ்’ என்றுதான் சொல்வார்களாம். காலேஜில் சேர்ந்ததும் கேலி பொறுக்காமல் மாற்றிக்கொண்டாராம். “இப்போது ஊருக்குப் போனால் என் அம்மா என்னிடம் விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாள்” என்று புரொபசரைப் பார்த்துச் சொன்னார். புரொபசர் தம்முடைய காலிக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தேகால் பஸ் பிடித்துக் கீழே இறங்கினேன். ஆறரைக்குச் சேலம். வெயில் போயும் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது, புரொபசர் கையெழுத்தில். ‘கேள்வி வாக்கியங்களை மட்டும் மறுபதிவு செய்தால் போதும். மற்றவை உள்ளபடியே இருக்கட்டும்.’ சென்னைக்குப் போய் அரை நாளில் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். தொண்டைக் கனைப்பை வெட்டச் சொன்னேன், வெட்டினார்கள்.

இப்போது போகிறவர்களுக்கு. நான் சொன்ன கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, அதை நம்பிச் சில்லறை எடுத்துப் போகாதீர்கள். காலை முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தால் மூடுபனி கலைவதற்குள் மேலே போய்விடலாம். பிப்ரவரியில் ஸ்வெட்டர் கட்டாயம், கோடையில் போனால் கூட்டத்தைத் தாங்குகிற மனசு கட்டாயம். ஏரியோடு நின்றுவிடாமல் கரடியூர்ப் பக்கம் ஒரு நடை போய்ப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஏறியது சேலம் சாலை என்றால், இறங்கும்போது கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர்ப் பக்கம் இறங்கலாம், காட்சியே வேறு. செம்மநத்தம் போனால் சின்ன வண்டியில் போங்கள். காபி உலர்த்துகிற களத்தில் செருப்போடு நடக்காதீர்கள், திட்டு வாங்குவீர்கள், வாங்க வேண்டியதுதான். வெளிநாட்டு விருந்தாளியைக் கூட்டிப்போனால் கடைக்காரரிடமும் ஜீப்காரரிடமும் உங்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே இங்கிலீஷ் பேசுங்கள். வாயைக் கோணினால் இரண்டு பக்கமும் புரியாது. நாம் பேசுவது குறைப்பட்ட இங்கிலீஷ் இல்லை, இந்த மலையில் வேலை நடக்கிற இங்கிலீஷ். இதைச் சொல்ல எனக்கு இப்போது கொஞ்சமும் கூச்சமில்லை.

கேசட் ஜூன் மாதம், பள்ளி திறக்கிற சமயத்தில் தபாலில் வந்தது. பெட்டிமேல் நிறுவனத்தின் பெயர், கமிட்டித் தலைவர் பெயர், ஆலோசகர் பெயர் எல்லாம் இருந்தன. குரல் யாருடையது என்று மட்டும் எங்கேயும் போடவில்லை. வீட்டுக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன அநியாயமா இருக்குது? எழுதிக் கேட்டுருவோமா?” என்றார். எனக்கும் வருத்தம்தான். முதலில் கேட்டுப் பார்ப்போம் என்று மூன்றாம் பாடத்தைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். நாலு வாக்கியம் ஓடியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. “ஏனுங்க, ரேடியோவுல ஆருங்க இங்கிலீசு பேசறது? நம்மூருப் புள்ளையாட்ட இருக்குதுங்க” என்றார். எழுதிக் கேட்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.